சிவப்பு மூடி

தாடிக்கொம்பு,
5.1.2025

அம்பிகாவுக்கு, அண்ணன் பெருமாள்சாமி எழுதுவது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தல் பிரிக்க வந்தவர்களுக்கு முன்னால், "இனிமே ஒங் குரலு எங் காதுல விழக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால்தான் இந்தப் பதினோரு மாதமாய் நான் ஃபோன் செய்யவில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் துரையைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

உன் கோயம்புத்தூர் விலாசத்தை சேவியர்தான் கொடுத்தான். மஸ்கட் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நீ ஊர்ப்பக்கமே வந்துவிட்டாய் என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். பதினாறு வருஷம் பார்த்த நர்ஸ் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். கூட வேலை பார்த்த அவனுக்கே தெரியவில்லையாம்.

துரைக்குச் சுகர். அம்மா தூக்கி வளர்த்த அந்தச் செவலைப் பூனைக்குத்தான். சிரிக்காதே, நானும் முதலில் சிரித்தேன். கார்த்திகையிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது. வைத்ததையெல்லாம் தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. பின்னங்காலை ஊன்ற முடியாமல் கணுக்காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தது. கொல்லையில் அது மூத்திரம் போன இடத்தில் எறும்பு வரிசை கட்டி நின்றதைப் பார்த்த அன்றுதான் டாக்டரைத் தேடிக் கிளம்பினேன். அம்மாவுக்கு வந்ததையும் எறும்புதானே முதலில் சொன்னது.

திண்டுக்கல்லில் பாஸிலா என்று ஒரு டாக்டர் இருக்கிறார், கால்நடை டாக்டர், சின்ன வயசு. காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். நானூற்று இருபது. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டால் நன்றாக இருக்கும், போடாவிட்டால் ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம் என்றார். இப்போதைக்கு அவரே போடுகிறார். காலையும் சாயங்காலமும் கூடையில் வைத்து மொபெட்டில் கொண்டுபோய் வருகிறேன். "எத்தன நாளைக்கு சார் இப்பிடி அலைவீங்க? நீங்களே கத்துக்கிருங்க" என்கிறார்.

எனக்கு ஊசி போடத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். நாலு வருஷம் அம்மாவுக்கு இரண்டு வேளையும் நான்தான் போட்டேன். ஆனால் போன வருஷம் பிப்ரவரி பன்னிரண்டுக்குப் பிறகு என்னால் ஊசியைக் கையில் பிடிக்க முடியவில்லை அம்பிகா. லேத்தில் நின்றால் ஒரு நூல் பிசகாமல் இரும்பைக் கடைகிற கை இது. டாக்டர் சிரிஞ்சை நீட்டினால் நடுங்குகிறது.

அன்று காலை அம்மா மூன்று இட்லி சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகுதான் போட்டேன். நீ நம்பவில்லை, சரி. நான் கேட்பது இவ்வளவுதான்: கை நடுங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பூனையின் தோலில் எப்படிப் போடுவது? நர்ஸாக நினைத்துப் பதில் எழுது. அம்மா விட்டுப்போனதில் உயிரோடு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

பெருமாள்சாமி


கோயம்புத்தூர்,
10.1.2025

திரு. பெருமாள்சாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துரைக்காக எழுதுகிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

நான் இப்போது நர்ஸ் வேலை பார்க்கவில்லை. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில் இருக்கிறேன். நோயாளிகளின் கேஸ் ஃபைல்களைச் சரிபார்த்து அடுக்குகிற வேலை. ஊசியைத் தொட வேண்டியதில்லை. அதனால் நானே வந்து போடுவேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு சாத்துக்குடியை வாங்கி, சிரிஞ்சில் வெறும் தண்ணீர் ஏற்றி, அதில் குத்திப் பழகுங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பழகினோம். நூறு தடவை குத்தினால் கை தானாகவே நிற்கும்.

பூனைக்குப் பிடரிக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவில், தோல் தளர்வாக இருக்கும். இடது கையின் இரண்டு விரலால் அதைக் கூடாரம் மாதிரித் தூக்குங்கள். கூடாரத்தின் வாசலில் ஊசி நுழைய வேண்டும். இன்னொரு பக்கமாய் வெளியே வந்துவிடக் கூடாது. வந்தால் மருந்து மயிரில் போய்விடும். விரலில் ஈரம் பட்டால் தவறிவிட்டது என்று அர்த்தம். அப்போது பதற்றத்தில் இன்னொரு ஊசி போடாதீர்கள்.

துரையைத் துணிக்குள் சுருட்டி வைத்தால் அசையாது. அம்மா குளிப்பாட்டிவிட்டுத் துவட்டும்போது பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு வைத்து, அது சாப்பிட்டதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. கண்ணால் பார்த்த பிறகே. இதை நான் இரண்டு முறை எழுத வேண்டியிருப்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

திடீரென்று தள்ளாடினாலோ, வெட்டி இழுத்தாலோ, சர்க்கரை அல்லது தேன் எதையாவது விரலில் எடுத்து ஈறில் தேய்த்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

இனி எழுத வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அம்பிகா ஆனந்த்ராஜ்


தாடிக்கொம்பு,
21.1.2025

அம்பிகா,

"திரு" போட்டு "அவர்களுக்கு" என்றும் எழுதியிருந்தாய். லேத்துக்குக் கொட்டேஷன் கேட்டு வருகிற கடிதத்தில்தான் எனக்கு அப்படி மரியாதை கிடைக்கும். இருக்கட்டும். பதில் எழுதினாயே, அதுவே போதும்.

பொங்கல் முழுக்கச் சாத்துக்குடிதான். கூடை நிறைய வாங்கிக் குத்தினேன். பட்டறைக்கும் ஒன்று கொண்டுபோய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குத்தினேன். முதலாளி சூசைமுத்து பார்த்துவிட்டு, "ஏலே, பழத்துக்குக் காய்ச்சலா?" என்றார். மூன்றாம் நாள் நீ சொன்னபடியே கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முதல் நானே போடுகிறேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, அந்தக் கத்திரிப்பூ நிறத்தது, அதில் சுருட்டினால்தான் அடங்குகிறது. வேறு துணி எடுத்தால் பிறாண்டுகிறது. கையைப் பார்த்தால் முள்வேலிக்குள் புகுந்து வந்தவன் மாதிரி இருக்கிறேன். ஞாயிறு காலை ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. சாயங்காலமும் அப்படியே. நேற்றும் பாதி மருந்து மயிரில்தான். நீ சொன்னபடி மறுபடி போடவில்லை. பழகிவிடும்.

மருந்துக் கடையில் மருந்தை மட்டும் வாங்கினேன். அம்மாவின் பெட்டியில் பிரிக்காத சிரிஞ்சு நாற்பத்தொன்று இருக்கிறது. அதைத் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. துரைக்காவது ஆகட்டும் என்று எடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் அன்றைக்கே இன்னும் பெரிய சண்டை ஆகியிருக்கும். அம்மா மூன்று இட்லி சாப்பிட்டாள் என்று உன்னிடம் சத்தியம் செய்தேன் அல்லவா? இரண்டைத்தான் என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவதை அவள் பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சிரிஞ்சை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. பக்கத்திலேயே துரை உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா தன் தட்டிலிருந்து அதற்குப் பாலும் மீனும் கொடுப்பாளே, அந்த இட்லியையும் அதற்கே கொடுத்திருப்பாளோ என்று அன்றிலிருந்து எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு இட்லியில் உயிர் போயிருக்குமா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். பாவம், அந்த வாயில்லாச் சீவனை இந்த ஒரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோறு வைப்பேன், நகர்ந்துவிடுவேன்.

இப்போது தினம் இரண்டு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவின் சேலைக்குள்ளிருந்து என் முகத்தையே பார்க்கிறது.

உன் கடிதத்தில், கூடாரம் பற்றி எழுதியதற்குக் கீழே, ஒரு வரி எழுதி மையால் அடித்திருக்கிறாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் தெரியவில்லை. திட்டித்தான் எழுதியிருப்பாய். பரவாயில்லை, என்னவென்று சொல்.

அண்ணன்


கோயம்புத்தூர்,
24.1.2025

அண்ணே,

அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சைத் தொடாதே. உடனே நிறுத்து. ஆரஞ்சு மூடி போட்டதை வாங்கு, மருந்துக் கடையில் நூறு யூனிட் சிரிஞ்சு என்று கேள். இது வரும்வரை போட்டிருந்தால் உடனே துரையை டாக்டரிடம் கொண்டுபோ.

உன் நம்பருக்கு இருபது தடவை போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. சேவியர் மஸ்கட்டிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை. பட்டறை நம்பர் என்னிடம் இல்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

அம்பிகா


தாடிக்கொம்பு,
29.1.2025

அம்பிகா,

உன் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. அந்த ஃபோன் நம்பரை ஆடி மாதமே விட்டுவிட்டேன். நீ கூப்பிட மாட்டாய் என்று தெரிந்த பிறகு அது எதற்கு என்று தோன்றியது.

துரை பிழைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலைதான் எனக்கு ஊசி சரியாக வாய்த்தது. தோலைத் தூக்கினேன், உள்ளே போனது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பட்டறைக்குப் போனேன். மதியம் சாப்பிட வந்தால் அடுப்படி வாசலில் கிடக்கிறது. அம்மா கிடந்த அதே இடம், அம்பிகா. கால் விறைத்து, வாயில் நுரை. ஒரு நிமிஷம் எனக்கு எந்த வருஷம் என்றே தெரியவில்லை.

நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போன பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பஞ்சாமிர்த டப்பா இருந்தது. விரல் நிறைய எடுத்து ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சேலையோடு கூடையில் போட்டு மொபெட்டை விரட்டினேன்.

குளுக்கோஸ் ஏற்றி, துரை தலையைத் தூக்கிய பிறகு, டாக்டர் பாஸிலா சிரிஞ்சைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "சார், நான் ஆரஞ்சு மூடிதானே எழுதிக் குடுத்தேன்?" என்றார். "எங்கம்மாவுக்குப் போட்டது ஒரு பெட்டி கெடந்துச்சு டாக்டர், அதான் வாங்கல" என்றேன். அவர் திட்டவில்லை. இரண்டு சிரிஞ்சை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். சிவப்பு மூடி, நாற்பது யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, நூறு யூனிட் மருந்துக்கு. நூறு மருந்தைச் சிவப்பில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். ஞாயிறு முதல் புதன் வரை எனக்கு ஊசி போடத் தெரியாததால்தான் துரை பிழைத்திருக்கிறது.

அந்த இரண்டு சிரிஞ்சையும் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். அதே இரண்டரை மடங்கு, ஒரு இஞ்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் மாதிரி. இஞ்சில் வெட்டச் சொன்னதைச் சென்டிமீட்டரில் வெட்டிவிட்டான் என்று புதுப் பையன்களை நான் எத்தனை முறை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் அம்மாவின் பாட்டில் ஞாபகம் வந்தது.

மஸ்கட்டிலிருந்து ஐஸ் ஃபிளாஸ்க்கில் வைத்து சேவியர் கையில் கொடுத்தனுப்பினாயே, அந்தப் பாட்டில். "எம் மக அனுப்புன மருந்து" என்று அம்மா தெருவெல்லாம் காட்டினாள். உள்ளூர்ப் பாட்டில் தீரட்டும் என்று மூன்று வாரம் தொடவிடவில்லை. பழையது ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது. திங்கள் காலை, "இன்னிக்கு அம்பிகா மருந்த ஒடைடா" என்றாள், தீபாவளிப் பட்டாசைப் பிரிக்கிற மாதிரி. நான் உடைத்தேன். வழக்கம்போல் இருபதாவது கோடு வரை ஏற்றினேன். அந்தப் பாட்டிலில் நூறு என்று எழுதியிருந்தது. பார்த்தேன், அம்பிகா. பாட்டிலில் நூறு ஊசிக்கு மருந்து இருக்கிறது போல என்று நினைத்தேன். இருபது யூனிட் இல்லை, ஐம்பது போயிருக்கிறது.

நீ சொன்னது சரி. நான்தான் கொன்றேன். நீ அனுப்பியது நல்ல மருந்து. அளந்தது நான்.

ஃப்ரிட்ஜில் அந்தப் பாட்டிலைத் தேடினேன், இல்லை. நான் தூக்கிப் போடவில்லை. காரியத்துக்கு வந்த யாராவது எடுத்தார்களா தெரியவில்லை. இன்னொன்று. நான் அம்மாவின் பெட்டி என்றுதான் எழுதினேன், மூடியின் நிறத்தை எழுதவில்லை. நர்ஸ் என்பதால் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தோன்றியது?

சனிக்கிழமை அம்மாவுக்குத் திதி. தர்ப்பணம் கொடுக்க இந்தக் கைக்கு என்ன யோக்கியதை என்று ஐயரிடம் கேட்கலாமா என்று இருக்கிறது.

பெருமாள்சாமி


கோயம்புத்தூர்,
9.2.2025

அண்ணே,

உன் கடிதத்தைப் பத்து நாளாய்ப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

பாட்டிலை நான்தான் எடுத்தேன்.

அம்மா போன மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தேன் அல்லவா? அழுது முடித்து, வந்தவர்களுக்குக் காபி போடலாம் என்று பாலெடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் நான் அனுப்பிய பாட்டில், மூடி உடைத்திருந்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலே அம்மாவின் சிரிஞ்சுப் பெட்டி, எல்லாம் சிவப்பு. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நர்ஸுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பொங்கி வழிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். பெரியம்மா வந்து அடுப்பை அணைத்தார். பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

மஸ்கட்டில் எல்லாமே நூறுதான் அண்ணே. நம் ஊரில் நாற்பது என்று ஒன்று இருப்பதே பதினாறு வருஷத்தில் எனக்கு மறந்துபோய்விட்டது. நினைவிருந்தால் கூடவே சிரிஞ்சும் கொடுத்தனுப்பியிருப்பேன். ஒரு துண்டுச் சீட்டாவது எழுதியிருப்பேன். நீ லேத் வேலை பார்க்கிறவன், உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்ல வேண்டியது என் வேலை. கூட இருந்து பார்க்கத்தான் முடியவில்லை, மருந்தாவது நல்லதாக அனுப்புவோம் என்று பெருமைக்கு அனுப்பினேன். அந்தப் பெருமைதான் அம்மாவைக் கொண்டுபோனது.

பதினாறாம் நாள் நான் கத்தியது எதற்கென்று இப்போது சொல்லிவிடுகிறேன். "சாப்பிட வைக்காம ஊசியப் போட்டுட்டு லேத்துக்கு ஓடிட்ட, நீதான் கொன்ன" என்றேன். அப்படிச் சொல்லும்போது பாட்டில் என் பைக்குள்தான் இருந்தது. நீ கொன்றாய் என்று எல்லாரும் நம்பிவிட்டால் நான் கொல்லவில்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன். நீ மூன்று இட்லி, மூன்று இட்லி என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ சொல்வது நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன்.

ஐம்பது யூனிட்டுக்கு முன்னால் மூன்று இட்லியும் ஒன்றுதான், முப்பது இட்லியும் ஒன்றுதான். ஒரு இட்லி குறைந்ததால் அம்மா போகவில்லை. அந்தப் பூனை எந்தப் பாவமும் செய்யவில்லை. நீ ஒரு வருஷம் இட்லியை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாய் என்று படித்தபோது நான் ரெக்கார்டு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திரும்ப மஸ்கட் போன முதல் நாள், ஒரு அம்மாவுக்கு இன்சுலின் ஏற்றச் சொன்னார்கள். ஏற்ற முடியவில்லை. கை வரவில்லை. ஒரு மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ கேட்ட அந்த அடித்த வரி. "சிரிஞ்சு மூடி என்ன நிறம் என்று பார்" என்று எழுதினேன். எழுதியதும் பயம் வந்தது. ஏன் கேட்கிறாள் என்று நீ யோசிப்பாய், டாக்டரிடம் கேட்பாய், கணக்குப் போடுவாய் என்று தோன்றியது. அடித்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துரையையும் விட்டுக்கொடுத்தேன் அண்ணே. அம்மா விஷயத்தில் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லலாம். இதைத் தெரிந்து செய்தேன்.

திதிக்குக் கிளம்பினேன். பழனி வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டி ஏறுவதற்குப் பதிலாக அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கோயம்புத்தூர் வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன்.

உன் கைக்கு யோக்கியதை உண்டு. என் கைக்குத்தான் இல்லை. பாட்டில் இன்னும் என் ஃப்ரிட்ஜில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

எப்படித் திட்டினாலும் சரி, பதில் எழுது.

அம்பிகா


கோயம்புத்தூர்,
12.3.2025

அண்ணே,

ஒரு மாதமாய்த் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்காக வேண்டாம். துரை எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டில் இரண்டு வார்த்தை எழுதினால் போதும்.

அம்பிகா


தாடிக்கொம்பு,
6.4.2025

அம்பிகா,

துரை நன்றாக இருக்கிறான்.

ஆரஞ்சு மூடி, இரண்டு யூனிட், காலை ஆறரை, சாயங்காலம் ஆறரை. சுகர் நூற்றைம்பதுக்கு வந்துவிட்டது. கணுக்காலைத் தேய்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து நடக்கிறான். போன வாரம் தையல் மிஷின் மேல் ஒரே தாவாகத் தாவினான். டாக்டர் பாஸிலா, தன்னிடம் பூனைக்கு ஊசி போடப் பழக வருகிறவர்களை இப்போது என்னிடம் அனுப்புகிறார். நானும் மேசையில் சிவப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் தெரிகிறது இப்போது. ஒரு பூனையைப் பிழைக்க வைக்கும் அளவுக்கு நன்றாகவே தெரிகிறது. சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறேன்.

நீ மருந்து அனுப்பியதில் எனக்குக் கோபம் இல்லை. பாசத்தில் அனுப்பினாய். நானும் பாசத்தில்தான் போட்டேன். இரண்டு பேர் பாசமும் சேர்ந்து அவளைக் கொன்றுவிட்டது, அதற்கு யாரைத் திட்டுவது? ஆனால் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு என்னைக் கொலைகாரன் என்றாயே, அதை ஜீரணிக்க முடியவில்லை. பெரியம்மா இன்னும் என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு வருஷம், அம்பிகா. ஒரு வார்த்தையில் அதை நீ நிறுத்தியிருக்கலாம்.

நேற்று ஒன்று செய்தேன், டாக்டருக்குத் தெரிந்தால் ஏசுவார். ஒரு இட்லியைச் சட்னியோடு பிட்டுத் துரைக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்தான். பிறகு முன்னங்காலால் தரையைப் பறண்டி, மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி செய்துவிட்டுப் போய்விட்டான். பாலில் நனைத்து வைத்தேன், பாலை மட்டும் நக்கிவிட்டு இட்லியைப் போட்டுவிட்டான். துரை இட்லி தின்னவே மாட்டான். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதையும் அம்மாதான் சாப்பிட்டிருக்கிறாள். அவனை மடியில் போட்டுக்கொண்டு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். துரை, துரை என்று பைத்தியக்காரன் மாதிரி.

இப்போதைக்கு வராதே. வந்து நின்றால் உன் முகத்தைப் பார்த்து, சரி விடு என்று சொல்லிவிடுவேன். மனசு அப்படிச் சொல்லாது. மனசும் சொல்கிற நாள் வந்தால் எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

அதற்கு முன் ஒன்று மட்டும் வேண்டும். அன்று என்ன நடந்தது என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. பெரியம்மாவிடம் காட்டுவேன். அப்புறம் அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன்.

பெருமாள்சாமி


கோயம்புத்தூர்,
10.4.2025

அண்ணே, எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபைல் எழுதுகிற முறையில் எழுதியிருக்கிறேன். வேறு மாதிரி எழுத வரவில்லை. இரண்டு பிரதி. ஒன்றைப் பெரியம்மாவுக்கு நானே தபாலில் அனுப்பிவிட்டேன்.

பெயர்: செல்லக்கிளி. வயது: 68. ஊர்: தாடிக்கொம்பு.

நாள்: 12.2.2024, திங்கள்.

நோய்: சர்க்கரை. நாலு வருடம் மகன் பெருமாள்சாமியின் பராமரிப்பில். அந்த நாலு வருடத்தில் ஒரு வேளை ஊசியும் தவறியதில்லை.

இறப்புக்குக் காரணம்: நாற்பது யூனிட் சிரிஞ்சில் நூறு யூனிட் மருந்து. மருந்தை அனுப்பியவர்: மகள் அம்பிகா, நர்ஸ். சிரிஞ்சை மாற்றச் சொல்ல வேண்டியவர்: மகள் அம்பிகா. சொல்லவில்லை. பின்னர் பாட்டிலை மறைத்தவரும், அண்ணன்மேல் பொய்ப்பழி போட்டவரும் அவரே.

ஊசி போட்டவர்: மகன். அவர்மேல் தவறு இல்லை. அம்மா சாப்பிடும்வரை காத்திருந்து, அதன் பிறகே போட்டார்.

காலை உணவு: இட்லி, மூன்று. மூன்றாவதையும் அம்மா சாப்பிட்டார்.

ஒப்பம்,
செ. அம்பிகா